மூளை மடிப்புகள் இல்லாமல் பிறந்த குழந்தை: அடுத்த பிள்ளைக்கும் வருமா என்பதை எப்படி அறிவது?

காவிரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. ஐந்தாம் மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை, குப்புற விழவும் இல்லை. தூங்கி எழுந்ததும் இரு கைகளையும் விரித்துத் தலையை முன்னே சாய்த்து, சில நொடிகளுக்கு ஒரு முறை அடுத்தடுத்து உதறுவாள். திடுக்கிடுகிறது என்றும் வயிற்று வலி என்றும் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கைபேசியில் பதிவு செய்து காட்டிய பிறகுதான் மருத்துவர் அது வலிப்பு என்று கண்டுகொண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அறிக்கையில் லிசென்செபாலி, அதாவது மூளை மடிப்பின்மை, என்று வந்திருக்கிறது. "இது ஜெனெடிக்" என்ற ஒரே வார்த்தையோடு எங்களை அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் சொந்தத்தில் மணந்தவர்கள் அல்லர். இரு குடும்பத்திலும் இப்படி யாரும் இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் இயல்பு என்றே எழுதியிருந்தார்கள். அப்படியிருக்க இது எப்படி மரபுவழி நோயாகும்? கர்ப்ப காலத்தில் என் மனைவி கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். இன்னொரு குழந்தையைப் பற்றி நினைப்பதற்கே எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மருத்துவர்_நரம்பியல்

நண்பரே, முதலில் உங்கள் மனைவியைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த நோயின் செவ்வியல் வடிவத்தில் மரபணு மாற்றம் பெரும்பாலும் கருமுட்டையிலோ விந்தணுவிலோ, அதாவது கரு உருவாவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. அதன் பிறகு தாய் எதை உண்டார், எங்கே நின்றார் என்பதற்கு அதில் பங்கு கிடையாது.

இனி மூளைக்கு வருவோம். பெருமூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலுறையின், நரம்பணுக்கள் புறணியில் பிறப்பதில்லை. மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் உள்ளறைகளின் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து மேற்பரப்பு வரை நீண்டிருக்கும் ஆரத் தாங்கணுக்களின் இழைகளைப் பற்றிக்கொண்டு வெளியே நகர்கின்றன. பனையேறுபவர் முதலில் கைகளை மேலே வைத்துப் பற்றி, பிறகு காலை இழுத்துக்கொள்வதைப் போல, நரம்பணு முதலில் முன் நீட்சியை மேலே செலுத்தி, பிறகு தன் உட்கருவை இழுத்துக்கொள்கிறது. அந்த இழுக்கும் வேலையைச் செய்வது டைனீன் என்னும் இயக்கப் புரதம். அதற்குத் துணை நிற்பது லிஸ்-1 மரபணு தரும் புரதம். 17ஆம் குரோமோசோமின் குறுங்கரத்தின் நுனியருகே உள்ள இந்த மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இதன் இரு படிகளில் (நகல்களில்) ஒன்று கெட்டாலே போதும்; புரதம் பாதியாகக் குறைய, அணுக்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. இயல்பாக 3, 4 மில்லிமீட்டர் தடிமனும் ஆறு அடுக்குகளும் கொண்ட புறணி, இந்தக் குழந்தைகளில் 10 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்து நான்கு அடுக்குகளாக நிற்கிறது. மேலே மடிப்புகள் விழுவதில்லை. உங்கள் எம்.ஆர்.ஐ. படத்தின் குறுக்குவெட்டில் மூளையின் வெளிக்கோடு இரு பக்கமும் சற்றே உள்வாங்கி, 8 என்ற எண்ணின் வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள். அந்த மாதத்தில் நலமான குழந்தையின் மூளையும் ஏறத்தாழ வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஆழமான ஓரிரு பிளவுகள் மட்டுமே அப்போது தொடங்கியிருக்கும். பெரும்பாலான மடிப்புகள் ஏழாம் மாதத்துக்குப் பிறகே உருவாகின்றன. ஆகவே அந்த ஸ்கேனைச் செய்தவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தில் முன்னரே இது தெரிந்திருந்தால், 28 வாரத்துக்கு மேல் கருவுக்கே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அது மிகவும் காலந்தாழ்ந்த விடை.

உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். மடிப்பின்மை பின்பக்கத்தில் மிகுதியா, முன்பக்கத்திலா? லிஸ்-1 என்றால் பின்பக்கமும், டபுள்கார்ட்டின் என்னும் இன்னொரு மரபணு என்றால் முன்பக்கமும் கூடுதலாகப் பாதிக்கப்படும். சி.டி. ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவுகள் உண்டா? உண்டென்றால் கர்ப்பத்தில் ஏற்பட்ட சி.எம்.வி. என்னும் வைரஸ் தொற்றை முதலில் நினைக்க வேண்டும். அது மரபணு நோயாகவே இராது. மூன்றாவது, குழந்தையின் முகம். நெற்றி உயர்ந்து, மூக்கு குட்டையாக மேல் நோக்கி, அழும்போது நெற்றியின் நடுவில் நெட்டுக்கோடு விழுகிறதா?

வலிப்பு மட்டும் காத்திருக்கக் கூடாது. நீங்கள் விவரிப்பது சிசுக்களுக்கு வரும் கொத்துக்கொத்தான வலிப்பு. ஏ.சி.டி.எச். ஊசி, ஸ்டீராய்டு, விகாபாட்ரின் ஆகியவற்றில் ஒன்றைத் தொடங்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

காவிரிக்கரையான்

விகாபாட்ரின் தொடங்கி உதறல் பெருமளவு குறைந்திருக்கிறது, ஐயா. சி.டி.யில் சுண்ணாம்புப் படிவு இல்லை. பாதிப்பு பின்பக்கத்தில் மிகுதி என்றே அறிக்கை சொல்கிறது. நெற்றியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் திகைத்துப்போனோம். அழும்போது புருவங்களுக்கு நடுவில் தெளிவாக ஒரு கோடு விழும். அவளுடைய பாட்டி அவளை "நாமக்காரி" என்றுதான் கொஞ்சுவார். ரத்தம் எடுத்து, குரோமோசோம்களைப் பார்க்கும் மைக்ரோஅரே சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கணக்காயர்

நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் வழக்கத்தை நாம் விடாதவரை இத்தகைய குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருப்பார்கள். இவர் சொந்தத்தில் மணக்கவில்லை என்கிறார். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் விசாரித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

மரபணு_ஆலோசகர்

ஐயா, உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் இந்தக் குழந்தைக்கு அது பொருந்தாது. மூளை உருவாக்கக் கோளாறுகள் அனைத்தையும் ஒரே காரணத்தில் கட்டுவதால், மணவுறவில் எந்தத் தவறும் இல்லாத தம்பதியர் பழியைச் சுமக்கிறார்கள். உண்மையில் உறவுமுறைத் திருமணத்தால் வரக்கூடிய கோளாறுகளும் சரியாக விசாரிக்கப்படாமல் போகின்றன.

கணக்கு இதுதான். தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால், பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கில் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் அது பதினாறில் ஒரு பங்கு. அந்த மூதாதையிடம் கெட்டுப்போன ஒரு படி இருந்திருந்தால், அது இருமடங்காகிக் குழந்தையில் வெளிப்படலாம். ஒடுங்குத்தன்மை கொண்ட நோய்கள், அதாவது இரு படிகளும் கெட்டால் மட்டுமே வெளிப்படுபவை, உறவுமுறைத் திருமணத்தில் இந்த வழியில் வருகின்றன, பெற்றோர் இருவரிடமும் ஒரு கெட்ட படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பாக. தலை மிகச் சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளில் பலருக்குக் காரணமான ஏ.எஸ்.பி.எம். மரபணு 2002இல் கண்டறியப்பட்டது. பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்த பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களை இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் ஆராய்ந்ததன் பயன் அது. சிறுமூளையும் சேர்ந்து சுருங்கியிருக்கும் ரீலின் மரபணு வகை, முன்மூளையில் மடிப்புகள் மிகச் சிறிதாகவும் அளவுக்கு மீறியும் இருக்கும் ஜி.பி.ஆர்.56 வகை, மூச்சு சீரற்றிருக்கும் ஜூபெர் நோய்க்குறி, தசையும் கண்ணும் கூடவே பாதிக்கப்படும் வாக்கர்-வார்பர்க் நோய்க்குறி ஆகியவையும் இந்த வரிசைதான். கடைசியாகச் சொன்னதை ஐயமுற, தசை பாதிப்பைக் காட்டும் விலை குறைந்த சி.பி.கே. ரத்தப் பரிசோதனையே முதல் தடயம் தந்துவிடும். அதை எழுதிக்கொடுக்க மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆனால் லிஸ்-1 கெடுவதால் வரும் லிசென்செபாலி ஓங்குத்தன்மை கொண்டது, அதாவது ஒரு படி கெட்டாலே வெளிப்படுவது. பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. அதற்கும் உறவுமுறைக்கும் தொடர்பில்லை.

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு சொல்: "ஜெனெடிக்" என்பதை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மாதிரியான எம்.ஆர்.ஐ. படத்துக்குப் பின்னால், அடுத்த குழந்தைக்கு நூற்றில் ஒன்று என்ற வாய்ப்பும் இருக்கலாம், இரண்டில் ஒன்று என்ற வாய்ப்பும் இருக்கலாம். எந்த மரபணு, எந்த வகை மாற்றம், அது பெற்றோரில் யாரிடமாவது இருக்கிறதா என்ற மூன்றும் தெரியாமல் எந்த எண்ணையும் யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது.

தென்பொருநை

மேலே சொன்ன "இரண்டில் ஒன்று" எங்கள் குடும்பத்துக் கதை. என் மகன் லிசென்செபாலியோடு பிறந்து, மூன்று வயதில் நுரையீரல் தொற்றில் இறந்துபோனான். பால் புரையேறிப் புரையேறியே நெஞ்சு கெட்டது. எனக்குப் பதினைந்து வயது முதல் வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பட்டிருந்தது, நன்றாகப் படித்தேன், வேலைக்கும் போகிறேன். என் வலிப்பையும் அவன் நோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. திருமணத்தின்போது வலிப்பை மறைத்தார்கள் என்ற மனத்தாங்கல் புகுந்த வீட்டில் இருந்ததால், மருத்துவமனையில் நானும் வாய் திறக்கவில்லை.

பிறகு வேறோர் ஊரில் ஒரு மூத்த மருத்துவர், குழந்தையின் கோப்பைப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்களுக்கு எப்போதாவது ஃபிட்ஸ் வந்ததுண்டா?" என்று கேட்டார். எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். என் மூளையின் மேற்பரப்பு இயல்பாகவே இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, வெள்ளைப் பகுதியின் நடுவில், சாம்பல் நிறத்தில் இன்னொரு பட்டை வளைந்து சென்றது. இரட்டைப் புறணி என்றார்கள். என் டபுள்கார்ட்டின் மரபணுவில் இருந்த மாற்றமே மகனுக்கும் போயிருந்தது.

மருத்துவர்_நரம்பியல்

சகோதரி, இதை எழுத முன்வந்ததற்கு நன்றி. மற்றவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். 1998இல் கண்டறியப்பட்ட டபுள்கார்ட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் மரபணு கெட்டால் ஈடு செய்ய வேறு படி இல்லை, ஆகவே லிசென்செபாலி. பெண்ணுக்கு இரண்டு; ஆனால் கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஒவ்வோர் அணுவும் இரண்டில் ஒன்றைத் தற்செயலாக அணைத்துவிடுகிறது. கெட்ட படியை அணைத்த அணுக்கள் ஊர் போய்ச் சேர்ந்து இயல்பான புறணியைக் கட்டுகின்றன. நல்ல படியை அணைத்தவை நடுவழியில் தேங்கிப் பட்டையாகின்றன. எந்த விகிதத்தில் அணைந்தது என்பதைப் பொறுத்துப் பட்டை தடிப்பாகவும் இருக்கலாம், மெல்லியதாகவும் இருக்கலாம். சில தாய்மாரின் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். எனவே லிசென்செபாலியோடு வரும் ஆண் குழந்தையின் தாயிடம் வலிப்பைப் பற்றிக் கேட்காமல் விடுவது பெருங்குறை. கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். மாமியார் அருகில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது.

உங்கள் தங்கையோ அக்காளோ இருந்தால், அவர்களுக்கும் இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தார்களா?

தென்பொருநை

தங்கைக்குப் பார்த்தோம், ஐயா. அவளிடம் இல்லை. அவள் திருமணத்துக்கு முன்பே பார்த்துவிட்டதால், அந்தச் செய்தியையே சொல்லிச் சம்பந்தம் பேசினோம்.

ஆனைமலை

என் மகளுக்கு மூளையின் இடப்பாதி மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது. ஹெமிமெகலென்செபாலி என்று பெயர். ஒரு நாளில் எண்ண முடியாத அளவுக்கு வலிப்பு வந்ததால், அந்தப் பாதியை மறுபாதியிலிருந்து துண்டிக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது வலக்கை பலவீனமாக இருந்தாலும் நடக்கிறாள், பேசுகிறாள். அறுவைக்கு முன் ரத்தத்தில் செய்த எக்சோம் என்னும் மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அறுவையில் எடுத்த திசுவில் சோதித்தபோது மாற்றம் இருந்தது. ரத்தத்தில் இல்லாதது மூளையில் எப்படி வரும் என்று என் கணவருக்கு இன்றும் விளங்கவில்லை.

மரபணு_ஆலோசகர்

கரு உருவான பிறகு, மூளையை உண்டாக்கும் முன்னோடி அணுக்களில் ஏதோ ஒன்றில் அந்த மாற்றம் ஏற்பட்டிருக்கிறது, அம்மா. அந்த ஓர் அணுவின் வழித்தோன்றல்களில் மட்டுமே அது இருக்கும். ரத்த அணுக்கள் வேறு வழியில் வந்தவை. அறுவையில் எடுத்த திசுக்களை ஆராய்ந்து பி.ஐ.கே.3.சி.ஏ., ஏ.கே.டி.3, எம்டார் என்ற மரபணுக்களில் இத்தகைய மாற்றங்கள் இருப்பதை 2012இல் வெளியிட்டார்கள். இவை அணு வளர்ச்சியைத் தூண்டும் ஒரே தொடரின் கண்ணிகள். பெற்றோரிடமிருந்து வராத மாற்றம் என்பதால் அடுத்த குழந்தைக்கு அச்சமில்லை. ஆனாலும் ரத்தச் சோதனை வீண் அன்று. அதே தொடரைச் சேர்ந்த டெப்டிசி5, டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 ஆகியவற்றில் பரம்பரையாக வரும் மாற்றமும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். அது இல்லை என்று உறுதி செய்ய ரத்தம்தான் வேண்டும்.

புதியவன்_மதுரை

ஸ்டெம் செல் செலுத்தினால் மூளை சரியாகும் என்று ஒரு நிறுவனத்தில் சொல்கிறார்கள். பல லட்சம் கேட்கிறார்கள். செய்யலாமா?

மருத்துவர்_நரம்பியல்

செய்ய வேண்டாம். அணுக்கள் இடம்பெயரும் காலம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிறந்த பின் ஊசியில் செலுத்தும் எந்த அணுவும் புறணியை மறுபடி அடுக்கப்போவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ரத்த நோய்ச் சிகிச்சைகளைத் தவிர மற்றவற்றில் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆய்வில் சேர்ப்பவர்கள் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

மரபணுவை அறிவதால் சிகிச்சையே மாறும் இடமும் உண்டு. மேலே சொன்ன டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 மரபணுக்கள் கெடுவதால் வரும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயில் எம்டார் தொடர் பிறந்த பின்னும் கட்டுக்கடங்காமல் இயங்குவதால், அதை அடக்கும் எவரோலிமஸ் மருந்து வலிப்பைக் குறைக்கிறது. லிசென்செபாலியில் அப்படியொரு பிடி இதுவரை இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்துவது, புரையேறாமல் உணவு கொடுப்பது, தேவைப்பட்டால் வயிற்றில் குழாய் பொருத்துவது, முதுகு வளையாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றில்தான் குழந்தையின் ஆயுளும் வசதியும் இருக்கின்றன. ஸ்டெம் செல்லுக்கு வைத்திருக்கும் பணத்தை இவற்றுக்குச் செலவிடுங்கள்.

காவிரிக்கரையான்

மைக்ரோஅரே முடிவு வந்துவிட்டது. 17ஆம் குரோமோசோமின் குறுங்கர நுனியில் ஒரு பகுதி இல்லை என்றும், லிஸ்-1 அதில் அடங்கும் என்றும், மில்லர்-டீக்கர் நோய்க்குறி என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் அதே மைக்ரோஅரே சோதனையைச் செய்துகொள்ளுமாறு ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். தொகை பெரிதாக இருக்கிறது. அவசியமா?

மரபணு_ஆலோசகர்

உங்கள் கேள்விக்கு அது சரியான சோதனை அன்று. மைக்ரோஅரே குரோமோசோம் பகுதிகளின் அளவு கூடியதா குறைந்ததா என்பதை மட்டுமே காட்டும். மில்லர்-டீக்கரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு இழப்பு புதிதாக ஏற்பட்டது. எஞ்சிய ஒரு பங்கில், பெற்றோர் ஒருவரிடம் 17இன் நுனியும் வேறொரு குரோமோசோமின் நுனியும் இடம் மாறிப் பொருந்தியிருக்கும். அந்தப் பெற்றோரிடம் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே அவர் நலமாக இருப்பார், மைக்ரோஅரேயும் இயல்பு என்றே சொல்லும். பொய்யான நிம்மதிக்குப் பெருந்தொகை கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் இருவரும் செய்ய வேண்டியவை, குரோமோசோம்களை நுண்ணோக்கியில் வரிசைப்படுத்திப் பார்க்கும் கேரியோடைப்பும், குறிப்பிட்ட துண்டு எங்கே இருக்கிறது என்பதை ஒளிரச் செய்து காட்டும், 17ஆம் குரோமோசோமின் நுனிக்கான ஃபிஷ் சோதனையும். நுனித்துண்டு மிகச் சிறிதாக இருந்தால் கேரியோடைப்பின் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் இரண்டும் வேண்டும். மகளின் அறிக்கையை மறுபடி எடுத்து, 17இல் இழப்பு என்ற வரியைத் தவிர வேறொரு குரோமோசோமின் நுனியில் கூடுதல் என்று ஏதேனும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இடமாற்றத்தின் மீது ஐயம் வலுக்கிறது.

காவிரிக்கரையான்

பார்த்துவிட்டேன், இழப்பு என்ற ஒரு வரி மட்டுமே இருக்கிறது. இருவருக்கும் இயல்பு என்று வந்தால் அடுத்த குழந்தைக்குச் சோதனையே வேண்டாமா?

மரபணு_ஆலோசகர்

வேண்டும் என்பதே என் கருத்து. கருமுட்டைகளிலோ விந்தணுக்களிலோ சிலவற்றில் மட்டும் இந்த இழப்பு மறைந்திருக்கக்கூடும். அதை எந்த ரத்தச் சோதனையும் காட்டாது. அதற்காகத்தான் நூற்றில் ஒன்று என்ற அளவில் ஒரு வாய்ப்பைக் குறிப்பிடுகிறோம். இடமாற்றம் இருந்தால் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு கூடும். எவ்வளவு என்பது எந்தக் குரோமோசோம் என்பதைப் பொறுத்தது.

கருவுற்ற 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ இதை நேரடியாகப் பார்க்கலாம். இரண்டிலும் சிறிதளவு கருச்சிதைவு அபாயம் உண்டு. தொடர்வதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தப்படி, கருவில் கடுமையான கோளாறு உறுதியானால் 24 வாரத்துக்குப் பிறகும் மாநில மருத்துவ வாரியத்தை அணுகலாம். முன்கூட்டியே சோதித்துவிட்டால் அந்த அலைச்சல் நேராது.

ரத்தம் கொடுக்கும்போது படிவத்தில் "17பி13.3 இழப்பு, மகளின் அறிக்கை இணைப்பு" (17பி13.3 என்பது அந்தக் குறுங்கர நுனியின் குறியீடு) என்று எழுதச் சொல்லி, நகலையும் கையோடு கொடுங்கள், அது இல்லாவிட்டால் ஆய்வகத்தார் பொதுவான கேரியோடைப் மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்பு, உங்கள் இருவரின் உடன்பிறந்தோரிலும் அவர்கள் பிள்ளைகளிலும் அடுத்தடுத்துக் கருச்சிதைவு, பிறந்து சில நாளில் இறப்பு, வளர்ச்சி குன்றிய குழந்தை என்று ஏதேனும் இருந்ததா என்று விசாரித்து வாருங்கள்.